சர்ச் லைட்டுக்குப் பேட்டரி மாற்றக் கொடுப்பவர்கள் கவனம்: உள்ளே என்ன போடுகிறார்கள் என்று நின்று பாருங்கள்

நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் விசைப்படகு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்கு முந்தைய வாரம் இன்ஜின் வேலை, வலை வேலை, ஐஸ், டீசல் என்று ஓடிக்கொண்டே, சார்ஜ் நிற்காத சர்ச் லைட்டையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவோம். அந்த அவசரம் கடைக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

எங்களுடையது கையில் பிடிக்கிற லைட். உள்ளே இருந்தது 6 வோல்ட், 4.5 ஆம்பியர் ஹவர் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி, நன்றாக உழைத்து ஓய்ந்துவிட்டது. அதே பேட்டரியை மாற்றித் தரச் சொல்லித்தான் தம்பி டவுனில் ஒரு கடையில் கொடுத்தான். கடைக்காரர், "இதெல்லாம் பழைய மாடல் தம்பி, லித்தியம் போட்டுத் தர்றேன், வெயிட்டும் குறையும், ராத்திரி பூரா எரியும்" என்று சொல்லி 1,400 ரூபாய் வாங்கினார். பில் கிடையாது, விசிட்டிங் கார்டின் பின்னால் தேதி மட்டும் எழுதிக் கொடுத்தார். பழைய பேட்டரியையும் அவரே வைத்துக்கொண்டார். அதற்குள் இருக்கும் ஈயத்துக்கு எடைக்கு எடை காசு உண்டு, அதைக் கழிக்கவே இல்லை.

ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டோம், சார்ஜரில் பச்சை விளக்கும் எரிந்தது. கடலுக்குள் போய், இருட்டில் முன்னால் ஃபைபர் போட்டுக்காரர்கள் விட்டிருந்த வலையின் மிதவை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க டிரைவர் மாமா லைட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுப் பொசுக்கென்று அணைந்தது. மங்கவும் இல்லை, மினுக்கவும் இல்லை. மாமா உடனே இன்ஜினை நியூட்ரலில் வைத்ததால் புரொப்பல்லரில் கயிறு சுற்றவில்லை. அந்த ஏழைகளின் வலையும் தப்பியது. ஆள் தண்ணீரில் விழுந்து தேடுகிற நேரமாக இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கரைக்கு வந்ததும் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தோம். நீல உறை போட்ட நான்கு 18650 செல், அதாவது விரல் நீளத்தில் உருளையாக இருக்கும் லித்தியம் செல். உறையில் 6800 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்கிற அளவு) என்று அச்சடித்திருந்தது. அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகளே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கிறார்கள், 6800 என்பது பச்சைப் பொய். நீல உறையைக் கிழித்தால் அடியில் வேறு நிறத்தில் இன்னொரு உறை, செல்லின் நுனியில் பழைய பட்டையைப் பிய்த்தெடுத்த தடம். ஏதோ பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவி, புதுச் சட்டை மாட்டி வைத்திருக்கிறார்கள். செல்களைக் காப்பாற்றும் பிஎம்எஸ் போர்டு கிடையாது. மூடியைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் பாதி அறுந்து, அந்த இடத்தில் பசையை அப்பியிருந்தார்கள். அதன் வழியே உப்புத் தண்ணீர் இறங்கி வயர் நுனியெல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தது.

இதைவிட மோசம், சார்ஜரை மாற்றாமல் விட்டது. எங்கள் பழைய சார்ஜர் 6 வோல்ட் லெட் ஆசிட்டுக்கானது, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 6.9 வோல்ட்டில் நின்றுவிடுகிறது. நான்கு செல்லையும் இரண்டு ஜோடியாக்கி, ஜோடிகளை வரிசையாகப் போட்டால் ஒரு செல்லுக்கு 4.2 என்று முழு சார்ஜுக்கு 8.4 வோல்ட் வேண்டும். அப்படியென்றால் ஒரு செல்லுக்குக் கிடைத்தது 3.45 வோல்ட்தான், கிட்டத்தட்டக் காலி. அந்தப் பச்சை விளக்குக்கு அர்த்தமே இல்லை. சரி, பெரிய சார்ஜராக வாங்கிப் போட்டுவிடலாமே என்று யாராவது நினைத்தால் அது இன்னும் ஆபத்து. பிஎம்எஸ் இல்லாத பழைய செல்கள் ஒரே மாதிரி ஏறாது, ஒன்று 4.2 வோல்ட்டைத் தாண்டிச் சூடாகித் தீப்பிடிக்கலாம். ஆட்கள் படுத்திருக்கும் கேபினில், கீழே டீசல் டேங்க் இருக்கும்போது.

கடைக்காரரிடம் கொண்டு போனால், "தண்ணி இறங்கியிருக்கு, வாரண்டி வராது" என்கிறார். படகு லைட் என்று சொல்லித்தானே கொடுத்தோம்! போனில் பணம் அனுப்பிய பதிவும், பிரித்துப் பார்த்தபோது எடுத்த போட்டோக்களும் இருக்கின்றன, அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம்.

இப்போது வேறு இடத்தில் அதே 6 வோல்ட் 4.5 பேட்டரி வாங்கி நாங்களே மாட்டினோம், 500 ரூபாய்க்குள் முடிந்தது. வாங்கும்போது மல்டிமீட்டர் கொண்டு போங்கள். புதுசு 6.3 வோல்ட்டாவது காட்ட வேண்டும், 6-க்குக் கீழே இருந்தால் கடையில் கிடந்து கெட்டது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேக்கப் எவ்வளவு என்று அவர்கள் சொல்வதை நம்பாமல் கணக்குப் போடுங்கள்: 6 தரம் 4.5 என்றால் 27 வாட் ஹவர், 10 வாட் பல்புக்குக் காகிதத்திலேயே இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் வராது, நிஜத்தில் இன்னும் குறையும். யாராவது எட்டு மணி நேரம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

மாட்டும்போது டெர்மினலில் கொஞ்சம் வாஸ்லின், ரப்பர் வாஷரில் சிலிக்கான் கிரீஸ். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வெளியே துடைத்துவிட்டு, அன்றைக்கே சார்ஜ் போட்டுவிட வேண்டும், லெட் ஆசிட்டைக் காலியாக வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி அப்புறம் சார்ஜே ஏறாது. தடைக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது ஏற்றுங்கள். இன்ஜின் ரூம் சூட்டில் வைக்காதீர்கள். படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து இந்த 6 வோல்ட்டை ஏற்றுகிற பழக்கம் சில படகுகளில் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

லித்தியம்தான் வேண்டும் என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) எண் போட்ட செல், பிஎம்எஸ் போர்டு, அதற்கென்றே உள்ள சார்ஜர், பில், இந்த நான்கும் சேர்ந்து வந்தால் மட்டும் காசு கொடுங்கள். கடைக்காரர் பேட்டரியை உள்ளே வைத்து மூடுவதற்கு முன்னால் போன் எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.