கிராண்டிடியரைட்டா, கோர்னெருபைனா?

இரண்டும் ரத்தினக் கற்களாகக் கிடைக்கும் அரிய கனிமங்கள்; போரான் சிலிக்கேட்டுகள், அதாவது போரானும் சிலிக்கானும் ஆக்சிஜனோடு சேர்ந்தவை. இரண்டும் செஞ்சாய்சதுரப் படிகங்கள் (மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து, நீளம் மட்டும் வேறு). இரண்டிலும் மெக்னீசியம், அலுமினியம் உண்டு. ஆனால் போரான் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு.

கிராண்டிடியரைட்டில் ஒவ்வொரு போரான் அணுவையும் சுற்றி மூன்று ஆக்சிஜன், தட்டையான முக்கோணமாக. சிலிக்கா நான்முகிகள், அதாவது ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் கொண்ட அலகுகள், ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கின்றன. கோர்னெருபைனிலோ அந்த நான்முகிகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் கைகோக்கின்றன. போரான் அவற்றுள் ஓரிடத்தில் சிலிக்கானுக்கும் அலுமினியத்துக்கும் பதிலாகப் புகுகிறது. அந்த இடத்தில் பாதிக்கு மேல் போரான் நிறைந்துவிட்டால் பெயரே மாறி பிரிஸ்மட்டைன் ஆகிவிடும். வேதிப் பகுப்பாய்வு இல்லாமல் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சான்றிதழில் கோர்னெருபைன் என்றிருந்தால், எந்தச் சோதனையில் அப்படி முடிவுசெய்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

கிராண்டிடியரைட்டை 1902இல் தெற்கு மடகாஸ்கரிலிருந்து பிரெஞ்சுக் கனிமவியலாளர் லக்ருவா விவரித்தார். கோர்னெருபைன் 1884இல் கிரீன்லாந்திலிருந்து வந்தது. இலங்கையின் ரத்தினக் கற்களிடையே இரண்டுமே கிடைத்திருக்கின்றன.

பிரித்தறிய ரிஃப்ராக்டோமீட்டரே போதும்; கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை, அதாவது ஒளிவிலகல் எண்ணை, அளக்கும் கருவி அது. இந்தக் கற்களில் ஒளி இரண்டாகப் பிரிவதால் இரண்டு அளவீடுகள் கிடைக்கும். கிராண்டிடியரைட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.58இல் தொடங்கி 1.64க்குள் முடியும், இரு அளவீடுகளுக்கும் இடைவெளி பெரிது. கோர்னெருபைன் 1.66க்கு மேல், இடைவெளி குறைவு. அடர்த்தியும் கோர்னெருபைனுக்கே கூடுதல், ஏறத்தாழ 3.3.

எனக்குப் பிடித்தது கிராண்டிடியரைட்தான். கல்லைத் திருப்பினால் நீலப்பச்சை மங்கி, ஒரு திசையில் நிறமே இல்லாமல் போகிறது. அந்த நீலத்துக்குக் காரணம் இரும்பு. கடினத்தன்மை 7.5, என்றாலும் எளிதில் பிளவுபடும், மோதிரத்தில் பதிக்க வேண்டாம்.