ரிச்சாக ஓடும் டர்போ: ரெகுலேட்டரா, பிக்கிபேக்கா, சிப்பா?

மிட்சுபிஷி எக்ளிப்ஸ் காரின் முதல் தலைமுறை (1990–94) டர்போ வகையில் 4ஜி63 இன்ஜின் இருந்தது. மேனுவல் கியர் வண்டிகளில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் நிமிடத்துக்கு 450 சிசி. பூஸ்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றழுத்தத்தை, கூட்ட விரும்புவோர் அவற்றைக் கழற்றிவிட்டு 550 போடுவது வழக்கம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கு இந்த மாற்றம் தெரியாது. பழைய கணக்கிலேயே இன்ஜெக்டரைத் திறந்து வைக்கும். 22 சதவீதம் அதிகமாக எரிபொருள் பாயும். காற்றைவிட எரிபொருள் அளவுக்கு மீறிய இந்தக் கலவைதான் ‘ரிச்’. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் ஓரளவு திருத்திவிடும். பூஸ்டில் அந்தத் திருத்தம் கிடையாது: கரும்புகை, திணறல், கறுத்துப்போன பிளக். நீண்ட நாள் அப்படியே ஓட்டினால் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள். மலிவானது, எரிபொருள் அழுத்தத்தை மாற்றக்கூடிய ரெகுலேட்டர். ஆனால் இன்ஜெக்டர் பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 18 சதவீதம் குறைக்க வேண்டுமென்றால் சுமார் 37 பிஎஸ்ஐ அழுத்தத்தை 25க்கு இறக்க வேண்டியிருக்கும். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் நுண்துளியாகச் சிதறாது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் ஒரு அளவு, 6,000இல் வேறு அளவு என்று வைக்கவும் முடியாது. ரெகுலேட்டர் சரியான மருந்தாகும் இடம் ஒன்று உண்டு. மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் போட்டவர்களுக்கு ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) பழைய ரெகுலேட்டர் அந்த வரத்தைத் திருப்பி அனுப்ப முடியாமல் அழுத்தம் ஏறி நிற்கும். நோயே அழுத்தம்தான் என்பதால் அங்கே வேறெதையும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது ஏபெக்ஸி எஸ்ஏஎஃப்சி போன்ற பிக்கிபேக் பெட்டி. காற்றளவு சென்சார் இந்த வண்டியில் துடிப்புகளாகச் செய்தி அனுப்புகிறது. பெட்டி சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து அந்தத் துடிப்புகளைக் குறைத்துச் சொல்கிறது. சுழற்சிவாரியாகத் திருத்தலாம், இருக்கையில் அமர்ந்தபடியே குமிழைத் திருகலாம். ஒரு காலத்தில் இவ்வளவு பரவியதற்குக் காரணம் அந்த வசதிதான். சிக்கல் பொய்யில் இருக்கிறது. காற்று குறைவு என்று நம்பும் இசியூ, சுமையும் குறைவு என்று முடிவுகட்டி இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறியிடும் நேரத்தை) முன்னே தள்ளும். உண்மையில் சிலிண்டரில் முழு பூஸ்ட் நிற்கிறது, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) தொடங்கும். எரிபொருள் சரியாகிவிட்டதென்று மகிழும் அதே நேரத்தில் பிஸ்டன் ஆபத்தில் இருக்கும். 550 இன்ஜெக்டருக்கு 18 சதவீதப் பொய் சமாளிக்கக்கூடியது. 660 போட்டவர்கள் 32 சதவீதம் பொய் சொல்ல வேண்டும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழியில் பொய்யே இல்லை. இசியூவுக்குள்ளேயே பொருத்தும் இசிஎம்லிங்க் போன்ற சிப், அதனிடமே இன்ஜெக்டர் அளவையும், அது திறக்க எடுக்கும் தாமதத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறது. டைமிங் அட்டவணை தன் இடத்திலேயே நிற்கிறது. ஐடிலில் இந்தத் தாமதக் கணக்குதான் பெரிய வித்தியாசம் காட்டும். அதைத் தனியாகத் திருத்தும் வழி பிக்கிபேக்கில் இல்லை. நாக்கிங்கையும் டைமிங்கையும் மடிக்கணினியில் பதிவுசெய்து பார்க்கலாம். செலவு அதிகம்தான். எல்லா இசியூவும் இதை ஏற்காது. சிப் மாற்றக்கூடிய வகையைத் தேடி வாங்க வேண்டியிருக்கும். கிடைத்த இசியூவைத் திறந்து கெபாசிட்டர்களைப் பார்ப்பதும் அவசியம். அந்தக் கால இசியூக்களில் அவை கசிந்து பலகையை அரிப்பது ஊரறிந்த கதை.

மூன்றில் எதை வாங்கும் முன்னும், ஆக்சிலரேட்டரை விடும்போது மிஞ்சும் பூஸ்டை வெளியேற்றும் புளோ-ஆஃப் வால்வு எங்கே திறக்கிறது என்று பாருங்கள். அளந்து உள்ளே எடுத்த காற்றை அது வெளியே விட்டால், கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கலவை ரிச்சாகும். அதற்கு ட்யூனிங் தேவையில்லை, காற்றை மறுபடி உள்வழிக் குழாய்க்குத் திருப்பும் ஒரு ஹோஸ் போதும். காற்று-எரிபொருள் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைடுபேண்டு மீட்டரும் கட்டாயம் வேண்டும். பூஸ்டில் அந்த விகிதம் 11 முதல் 11.5க்குள் நிற்கிறதா என்பதை, வண்டியோடு வந்த ஆக்சிஜன் சென்சாரால் காட்ட முடியாது.

ஏற்கெனவே பிக்கிபேக் இருக்கும் 550 வண்டியில் நாக்கிங்கைக் கண்காணித்தபடி அதையே வைத்துக்கொள்ளலாம். 660க்குப் போகிறவர் அதை விற்றுவிட்டு, வரும் பணத்தைச் சிப் கணக்கில் சேர்க்கட்டும்.