எடின்பரோ போ பார்: காற்று தள்ளித் தரும் பீர்

ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில், கிராஸ்மார்க்கெட் சதுக்கத்திலிருந்து மேலேறும் வெஸ்ட் போ தெருவில் இருக்கிறது போ பார் (Bow Bar) என்ற பப். மொத்தமே ஒரே அறைதான். தொலைக்காட்சி கிடையாது, பாட்டுக் கிடையாது, சூதாட்ட இயந்திரமும் கிடையாது. சுவர் முழுக்க, மூடிப்போன மது ஆலைகளின் பெயர் பொறித்த பழைய கண்ணாடிகள். ஆனால் இங்கே போவதற்கு முதல் காரணம் கவுண்டரின் மேல் நெடுநெடுவென்று நிற்கும் பித்தளைத் தூண்கள். ஸ்காட்லாந்தில் இவற்றை ‘டால் ஃபாண்ட்’ என்பார்கள்.

இங்கிலாந்து பப்களில் பீப்பாய் பீரைக் கைப்பம்பால் இழுத்து மேலே ஏற்றுவார்கள். ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம் வேறு. நிலவறையில் இருக்கும் பீப்பாயின் மேல்வாயில் காற்றுக்குழாயை மாட்டுவார்கள். அழுத்திய காற்று உள்ளே போய் பீரைக் கீழே அமுக்கும், பீர் குழாய் வழியே தூணுக்கு ஏறிவரும். கவுண்டரில் இருப்பவர் கைப்பிடியைத் திறந்துவிட்டால் போதும், இழுக்கத் தேவையில்லை. நுரை பாலாடை போல நெருக்கமாகப் படியும். உள்ளே போவது வெறும் காற்றுதான், கார்பன் டை ஆக்சைடு அல்ல. அதனால் பீரில் வாயு கூடி நாக்கைக் கடிப்பதில்லை. 1970, 80களில் கைப்பம்பு பரவியதும் இந்த முறை பெரும்பாலான இடங்களிலிருந்து போய்விட்டது. இங்கே அதை விடாமல் வைத்திருப்பது பெரிய விஷயம்.

இதைப் பராமரிப்பது எளிதல்ல. காற்றுக்குழாய் மூட்டு கசிந்தால் பீர் நூலாக வடியும். அழுத்தம் மிஞ்சினால் கிளாஸில் பாதி நுரைதான். நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடேறினால் பீர் பொங்கும், ரொம்பக் குளிர்ந்தால் மங்கும். திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் தீர்க்காவிட்டால் காற்றுப்பட்டுப் புளிப்பேறிவிடும். 9 காலன் பீப்பாயில் 72 பைண்ட். ஓட்டம் உள்ள கடையால்தான் அதை நேரத்துக்குள் விற்றுத் தீர்க்க முடியும். நுரை அதிகம் என்று பட்டால் தயங்காமல் நிரப்பித் தரக் கேளுங்கள். பைண்ட் என்றால் 568 மில்லி.

பீர் வகைகளுக்கு 60, 70, 80 ஷில்லிங் (பழைய பிரிட்டிஷ் நாணயம்) என்று பெயர் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீப்பாய்க்குச் சொன்ன விலை அது. வீரியம் கூடக்கூட விலையும் ஏறும். 60ஐ ‘லைட்’ என்பது நிறத்துக்காக அல்ல, பெரும்பாலும் அது கருப்பாகவே இருக்கும். 70 ‘ஹெவி’, 80 ‘எக்ஸ்போர்ட்’.

கவுண்டரிலிருந்து முழு அறையும் கண்ணில் படும் இந்த அமைப்பும் ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம்தான். அந்நாளில் உரிமம் தந்த மாஜிஸ்திரேட்டுகளுக்கு மறைவான சின்ன அறைகள் பிடிக்காது, குடிப்பவர் எல்லோரும் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பார்கள். 1853 ஃபோர்ப்ஸ் மெக்கன்சி சட்டம் ஞாயிறன்று பப்களை மூடியது, மற்ற நாள்களில் இரவு 11 மணியோடு முடித்தது. ஞாயிறன்று ஓட்டலில் குடிக்க ‘பயணி’ என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பப்களுக்கு ஞாயிறு திரும்பக் கிடைத்தது 1976 சட்டத்தில்தான்.

விஸ்கி வரிசை நீளம், நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எந்தப் பப்பிலும் ஆர்டருக்கு முன் அளவு அறிவிப்பைப் பாருங்கள். சட்டப்படி 25 அல்லது 35 மில்லி, ஒரு கடையில் ஏதாவது ஒன்றுதான். இரண்டு கடை விலையை அளவு பார்க்காமல் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

குறை ஒன்றுதான், இடம் போதாது. ஆகஸ்ட் விழாக்காலத்திலும் சனி மாலையிலும் நிற்கக்கூட முடியாது. மேசைக்கு யாரும் வர மாட்டார்கள், கவுண்டரில் போய் வாங்க வேண்டும். வாரநாள் பிற்பகல்தான் நல்ல நேரம். வண்டி ஓட்ட வேண்டியவர் தொடவே வேண்டாம்: 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, இங்கிலாந்தில் 80.