நிதி திரட்டும் நெடுநடைக்கு எந்தப் பாதை: காட்ஸ்வோல்டா, சவுத் டவுன்ஸா?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் அறப்பணிக்கு நிதி திரட்டி நெடுந்தூரம் நடக்க விரும்புவோருக்கு, சிப்பிங் கேம்டனிலிருந்து பாத் நகர் வரை செல்லும் காட்ஸ்வோல்டு வே, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை செல்லும் சவுத் டவுன்ஸ் வே ஆகிய இரண்டும் தூரத்தில் ஏறத்தாழ ஒன்றே: முன்னது 102 மைல், பின்னது 100 மைல். வேறுபாடு காலடியில் இருக்கிறது. சவுத் டவுன்ஸ் சுண்ணப்பாறை மேடு. மழைநீர் விரைவாக உள்ளிறங்கிவிடுவதால் பாதை சீக்கிரம் காய்கிறது, ஆனால் அதே காரணத்தால் முகட்டில் நீர் அரிது. குழாய் உள்ள இடங்களை முன்பே குறித்துக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது. நனைந்த சுண்ணம் சோப்பைப் போல வழுக்கும். அதில் பதிந்த சக்கிமுக்கிக் கற்கள் தேய்ந்த காலணியின் அடியைக் குத்தும். காட்ஸ்வோல்டில் மழைக்குப் பின் களிமண் காலணியில் அப்பிக்கொண்டு ஒவ்வோர் அடியையும் கனக்கச் செய்யும். ஆயினும் தேன்நிறக் கல்வீடுகள் கொண்ட சிற்றூர்கள் வழியில் வருவது பெரிய ஆறுதல்.

முடிவிடத்தை எண்ணும்போதுதான் என் மனம் ஒரு பக்கம் சாய்கிறது. சவுத் டவுன்ஸின் கடைசி நாளில் கடலோர வழியைத் தேர்ந்தால், முழங்கால் தளர்ந்த வேளையில் செவன் சிஸ்டர்ஸ் முகடுகளில் மாறிமாறி ஏறி இறங்க வேண்டும். காட்சி ஈடற்றது என்பதும் உண்மை. காட்ஸ்வோல்டு வேயோ பாத் அபே தேவாலயத்தின் முன்னே, தரையில் பதித்த வட்டக்கல்லில் முடிகிறது. நிதியளித்த முதியோரும் குழந்தைகளும் ரயிலில் வந்திறங்கிச் சில நிமிடங்களில் அங்கே நின்று வரவேற்கலாம் என்பதால், முதன்முறை நடப்போருக்கு அதையே பரிந்துரைப்பேன்.