ஸ்பெக்டர் தடுப்பு: எல்ஃபென்ஸா, மாஸ்க்கா?

வெளியாள் கொடுக்கும் எண், அணி எனப்படும் மதிப்பு வரிசையின் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நிரல் அந்த இடத்தைப் படிக்க வேண்டும். பிராசசர் அந்த விடைக்குக் காத்திருப்பதில்லை. வழக்கம்போல 'சரி' என்றே வரும் என ஊகித்துப் படித்துவிடும். ஊகம் தப்பினால் கணக்கு ரத்தாகும். பிராசசரின் வேக நினைவகமான கேச்சில் விழுந்த தடம் மட்டும் அப்படியே கிடக்கும்; அதை வைத்து ரகசியத்தை ஊகித்துவிடலாம். 2018 ஜனவரியில் வெளிவந்த ஸ்பெக்டர் தாக்குதலின் முதல் வகை இதுதான்.

பழைய வழி, சோதனைக்குப் பின் எல்ஃபென்ஸ் கட்டளையை வைப்பது. முந்தைய கட்டளைகள் முடியும்வரை அடுத்தது ஓடாது. புரிந்துகொள்ள எளிது, ஆனால் எல்லாக் கிளையிலும் (நிபந்தனை பார்த்துப் பாதை பிரியும் இடத்திலும்) வைத்தால் வேகம் படுத்துவிடும். அதனால் மைக்ரோசாஃப்ட், நிரலைப் பிராசசர் கட்டளைகளாக மாற்றும் தன் சி++ கம்பைலரில், ஆபத்தாகத் தெரியும் இடங்களில் மட்டும் வைக்கப் பார்த்தது. ஸ்பெக்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பால் கோச்சர் 15 மாதிரிகளை எழுதிச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றை அது தவறவிட்டது. இந்த அரைகுறை எனக்கு ஒப்பவில்லை. பூட்டு போட்டாயிற்று என்ற நிம்மதியில் யாரும் ஓட்டையைத் தேட மாட்டார்கள்.

இன்னொரு வழி மாஸ்க். எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பில் இதன் பெயர் ஸ்பெகுலேட்டிவ் லோடு ஹார்டனிங். இது ஊகத்தை நிறுத்துவதே இல்லை. பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான ரெஜிஸ்டர் ஒன்றில் நிலை ஒன்றை வைத்திருக்கும். சரியான பாதையில் அது பூஜ்யம். ஒவ்வொரு கிளைக்குப் பின்னும் அதே நிபந்தனையை சிமூவ் கட்டளை மறுபடி பார்க்கும். தப்பான பாதை என்றால் எல்லா பிட்டும் 1 ஆகிவிடும். படித்த மதிப்போடு அதை 'ஆர்' செய்தால் (இரண்டு பிட்டில் ஒன்று 1 என்றாலும் விடை 1) ரகசியம் இருந்த இடத்தில் வெறும் 1கள்தான் மிஞ்சும். கேச்சில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஃபங்ஷனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இந்த நிலையை ஸ்டாக் பாயின்டர் என்ற ரெஜிஸ்டரின் மேல் பிட்டுகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். என்ன அழகான வேலை!

விலை? எல்எல்விஎம் ஆவணம் ஒரு பெரிய சர்வரை அளந்து காட்டுகிறது: எல்ஃபென்ஸால் திறன் 62% விழுந்தது, மாஸ்க்கால் 29%. பாதிக்கும் குறைவான இழப்பு என்றாலும் முழு மென்பொருளுக்கும் இது கனம்தான். ரகசியச் சாவிகளைத் தொடும் ஃபங்ஷன்களுக்கு மட்டும் இதை இயக்க எல்எல்விஎம்மைச் சேர்ந்த கிளாங் கம்பைலரில் வசதி உண்டு; நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் வேறு வழக்கம். ஆபத்தான அணி எண்களுக்கு ஆட்களே தேடிப் பிடித்து மாஸ்க் போடுகிறார்கள். செலவு மிகக் குறைவு, ஆனால் கண்ணில் படாத இடம் திறந்தே கிடக்கும்.

ரெட்போலின் என்ற இன்னொரு தடுப்பு இந்தப் போட்டியிலேயே இல்லை. அது மறைமுகத் தாவல்களை (எங்கே போவது என்பது ஓடும்போதுதான் தெரியும் தாவல்களை) குறிவைக்கும் ஸ்பெக்டரின் இரண்டாம் வகைக்கானது. அதையும் சில ஏஎம்டி, இன்டெல் பிராசசர்களில் ரெட்பிளீட் தாக்குதல் 2022-ல் தாண்டிவிட்டது.