எஸ்எம்எஸ் ஓடிபியா, ஆத்தென்டிகேட்டர் செயலியா, பாஸ்கீயா?

பாஸ்வேர்டு மட்டும் போதாது, கூடவே இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்பது இன்று பலருக்கும் தெரியும். ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போது, திரையில் முதலில் வந்து நிற்கும் எஸ்எம்எஸ் ஓடிபியை அமுக்கிவிட்டுப் போய்விடுகிறோம். எஸ்எம்எஸ் ஓடிபி, ஆத்தென்டிகேட்டர் செயலி, பாஸ்கீ மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு வேறு. இவற்றை ஒப்பிட நான் கேட்கும் முக்கியமான கேள்வி இதுதான்: அசலைப் போலவே செய்துவைத்த போலித் தளத்தில் நீங்கள் போய் மாட்டினால், அது போலி என்று கண்டுபிடிக்க வேண்டியது நீங்களா, உங்கள் கருவியா?

முதலில் எஸ்எம்எஸ். யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டாம், பட்டன் போன் இருந்தாலே போதும் என்பது இதன் பெரிய பலம். பலவீனம் என்னவென்றால், ஓடிபி போய்ச் சேர்வது உங்கள் நம்பருக்கு. அந்த நம்பர் எந்த சிம்மில் இயங்க வேண்டும் என்று முடிவு செய்வது டெலிகாம் நிறுவனம். உங்கள் பெயரில் யாராவது போலி ஆவணம் காட்டி டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால், உங்கள் போனில் சிக்னல் போய்விடும், ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போக ஆரம்பிக்கும். 2019 ஆகஸ்டில் அப்போதைய ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சியின் நம்பரையே கைப்பற்றி, அதன் வழியாக அவர் கணக்கிலிருந்து ட்வீட் போட்டார்கள்.

சிம்மைத் தொடாமலும் இதைச் செய்யலாம். டெலிகாம் நிறுவனங்கள் தங்களுக்குள் அழைப்புகளையும் எஸ்எம்எஸ்களையும் கைமாற்றிக்கொள்ள எஸ்எஸ்7 என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. 1970களில், ஒருவரையொருவர் நம்பும் சில நிறுவனங்களுக்காக வடிவமைத்தது அது. கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் சரியாக இல்லை. 2017இல் ஜெர்மனியில் சிலரின் வங்கிப் பாஸ்வேர்டுகளை முதலில் திருடிவிட்டு, பிறகு எஸ்எஸ்7 வழியாக அவர்களுக்கு வர வேண்டிய எஸ்எம்எஸ்களைத் திசைதிருப்பிப் பணத்தை எடுத்தார்கள். நம் ஊரில் இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று சொல்லி வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) நிறுவி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது.

ஆத்தென்டிகேட்டர் செயலி இந்த டெலிகாம் தொல்லையை மொத்தமாகத் தவிர்க்கிறது. முதல்முறை க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி உங்கள் போனுக்குள் வந்துவிடுகிறது, அதே சாவி தளத்தின் சர்வரிலும் இருக்கிறது. இருவரும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரே 6 இலக்க எண்ணைப் பெறுகிறார்கள். வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை அது மாறும். 2011இல் டிஓடிபி என்ற பெயரில் வெளியான திறந்த தரம் இது. அதனால் எந்த நிறுவனத்தின் செயலியிலும் இது வேலை செய்யும், போன் ஏரோப்ளேன் மோடில் இருந்தாலும் எண் வரும். போன் கடிகாரம் தவறாக ஓடினால் மட்டும் எண் பொருந்தாமல் போகும்.

ஆனால் என் கேள்விக்கு இதுவும் தேறவில்லை. போலித் தளத்தில் அந்த 6 இலக்கத்தை நீங்கள் தட்டினால், அந்தத் தளம் அதே நொடியில் அதை அசல் தளத்துக்குக் கடத்தி உள்ளே போய்விடும். இந்த வேலைக்கென்றே தயாரான கருவிகள் கிடைக்கின்றன, 30 நொடி அவற்றுக்குத் தாராளம்.

இங்கேதான் பாஸ்கீ வேறு ஜாதி. பதிவு செய்யும்போது உங்கள் கருவி இரண்டு சாவிகளை உருவாக்குகிறது: பொதுச் சாவி தளத்துக்குப் போகும், தனிச் சாவி உங்களிடமே இருக்கும். உள்நுழையும்போது தளம் ஒரு புதிய சவாலை, அதாவது ஒவ்வொரு முறையும் மாறும் ஒரு தரவை, அனுப்பும், கருவி அதில் தனிச் சாவியால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். கைரேகையும் பின் (PIN) நம்பரும் அந்தச் சாவியைத் திறக்க மட்டும்தான், அவை தளத்துக்குப் போவதில்லை. முக்கியமான விஷயம், ஒவ்வொரு சாவியும் ஒரு குறிப்பிட்ட டொமைன் பெயரோடு, அதாவது தளத்தின் முகவரியோடு, கட்டப்பட்டது. டொமைனில் ஒரு எழுத்து மாறினாலும் பிரவுசர் அந்தச் சாவியை எடுத்தே கொடுக்காது. உங்கள் கண் ஏமாந்தாலும் பிரவுசர் ஏமாறாது. சர்வரிலிருந்து தரவு கசிந்தாலும் திருடனுக்குக் கிடைப்பது பொதுச் சாவிதான், அதை வைத்துக்கொண்டு அவனால் உள்ளே வர முடியாது.

2022இல் நடந்ததைப் பாருங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போலி லாகின் பக்கத்தின் இணைப்போடு எஸ்எம்எஸ் வந்தது, மூன்று பேர் பாஸ்வேர்டைத் தட்டியும் விட்டார்கள். ஆனால் அங்கே எல்லோரிடமும் இதே தொழில்நுட்பத்தில் இயங்கும் யூஎஸ்பி செக்யூரிட்டி கீ கட்டாயமாக இருந்ததால் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. அதே சமயத்தில் அதே பாணியில் தாக்கப்பட்ட ட்விலியோ என்ற இன்னொரு நிறுவனத்தில் நுழைந்துவிட்டார்கள். ஏமாறாத ஊழியர்களை உருவாக்க முடியாது, ஏமாந்தாலும் தாங்குகிற அமைப்பை உருவாக்க முடியும் என்பதால்தான் நான் பாஸ்கீ பக்கம் நிற்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. கூகுள், ஆப்பிள் கணக்குகளில் சேமித்த பாஸ்கீகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது இன்னும் சிரமம், எல்லாத் தளங்களும் ஏற்பதுமில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, பாஸ்கீ போட்ட பிறகும் ‘வேறு வழியில் உள்நுழை’ என்ற இடத்தில் எஸ்எம்எஸ்ஸை விட்டுவைப்பது. திருடன் அந்த வழியாகத்தான் வருவான்.

சரி, என்ன செய்யலாம்? மெயில் கணக்கில் முதலில் பாஸ்கீ போடுங்கள், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை ரீசெட் செய்யும் இணைப்பெல்லாம் வந்து சேரும் இடம் அதுதான். பாஸ்கீ இல்லாத தளங்களில் ஆத்தென்டிகேட்டர் செயலி. எஸ்எம்எஸ் தவிர வேறு எதுவும் தராத வங்கியில் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுமே இல்லாததைவிட அது எவ்வளவோ மேல். திடீரென்று நீண்ட நேரம் சிக்னல் போனால் மட்டும் உடனே டெலிகாம் நிறுவனத்தையும் வங்கியையும் கூப்பிடுங்கள். அப்புறம், போன் இல்லாதபோதும் உள்நுழைய தளம் தரும் ரெக்கவரி கோடுகளைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள், போனில் ஸ்க்ரீன்ஷாட்டாக வேண்டாம், போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.