மூன்று போர்க்கப்பல்கள், எட்டே எட்டு குழல்கள்

பிரிட்டனின் டிரெட்நாட்டில் 12 அங்குலப் பீரங்கிகள் 10. ஜெர்மனியின் நஸாவில் 28 செ.மீ. பீரங்கிகள் 12. அமெரிக்காவின் சவுத் கரோலினாவில் 12 அங்குலப் பீரங்கிகள் எட்டுதான். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்கப்பல்கள் வரிசைகட்டி நின்று, பக்கவாட்டில் சுட்டுத்தான் மோதின. ஒரே பக்கம் திருப்பிச் சுடக்கூடிய பீரங்கிக் குழல்களை மட்டும் எண்ணிப் பாருங்கள்: மூன்றிலும் எட்டு!

காரணம், பீரங்கிகளைத் தாங்கித் திரும்பும் சுழல்மேடைகள் அமைந்த இடம். ஒரு மேடைக்கு இரண்டு குழல்கள். டிரெட்நாட்டின் ஐந்து மேடைகளில் மூன்று கப்பலின் நடுக்கோட்டில். மற்ற இரண்டும் ஓரங்களில், பக்கத்துக்கு ஒன்று. வலப்புறம் எதிரி இருந்தால் இடப்புற மேடைக்கு வேலை இல்லை. நஸாவில் ஓரமேடைகள் நான்கு, அதனால் இரண்டு எப்போதும் சும்மா கிடக்கும். சும்மா கிடந்தாலும் அவற்றுக்கும் கவசம் வேண்டும், வெடிமருந்து அறை வேண்டும், ஆட்கள் வேண்டும். அத்தனை பாரத்தையும் சுமந்து நஸாவ் ஒருமுறையில் வீசிய குண்டுகளின் எடை சுமார் 2,400 கிலோ. டிரெட்நாட் சுமார் 3,080 கிலோ. சவுத் கரோலினா 3,150 கிலோ.

அமெரிக்க நாடாளுமன்றம் கப்பல் 16,000 டன்னுக்கு மேல் கூடாது என்று கட்டிப்போட்டிருந்தது. அந்த நெருக்கடியில் அமெரிக்கக் கடற்படையின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளர் வாஷிங்டன் கேப்ஸ் கண்ட வழி, நான்கு மேடைகளையும் நடுக்கோட்டிலேயே வைத்து, முன்னும் பின்னும் ஒன்று மற்றொன்றின் தலைக்கு மேலாகச் சுடும்படி அதை உயர்த்துவது. இந்த மூன்றில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இதுதான். 1905 மார்ச்சிலேயே அனுமதி கிடைத்த கப்பல் இது. டிரெட்நாட்டின் அடிக்கட்டை போடப்பட்டது அதே ஆண்டு அக்டோபரில். ஆனால் பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் கப்பல்கட்டும் தளம் 1906 டிசம்பரிலேயே டிரெட்நாட்டை முடித்துவிட்டது. சவுத் கரோலினா 1910 வரை கடற்படையில் சேரவில்லை. அதனால்தான் ஒரு தலைமுறைக் கப்பல்களுக்கே 'டிரெட்நாட்' என்று பெயர் நின்றுவிட்டது.

வேகத்தில் மட்டும் டிரெட்நாட்டை அசைக்க முடியாது. நீராவி டர்பைன் பொருத்திய முதல் பெரிய போர்க்கப்பல், மணிக்கு 21 கடல் மைல். மற்ற இரண்டிலும் பழைய பிஸ்டன் எஞ்சின்கள். சவுத் கரோலினாவுக்கு 18.5தான், பின்னால் வந்த கப்பல்களோடு ஒரே வரிசையில் ஓட அது போதவில்லை. நஸாவில் அந்த எஞ்சின்கள் கப்பலின் நடுப்பகுதியையே அடைத்துக்கொண்டதால் மேடைகள் ஓரத்துக்குப் போயின. அலையில் நஸாவ் பக்கவாட்டில் மோசமாக ஆடியது.

டிரெட்நாட்டில் ஒரு பெருங்குறையும் உண்டு. குறிபார்ப்பவர்கள் நிற்கும் கொடிமரத்தை முன் புகைபோக்கிக்குப் பின்னால் நட்டுவிட்டார்கள். தொலைவில் விழும் குண்டைப் பார்த்துத் திருத்தம் சொல்லவேண்டியவர்கள் புகையிலும் அனலிலும் நின்றார்கள்.

டர்பைனையும் நடுக்கோட்டு மேடைகளையும் பிரிட்டன் ஒரே கப்பலில் சேர்த்தது 1912இல், ஓரியனில். அதிலும் கீழ்மேடையின் கூரையில் குறிபார்க்கும் திறப்புகளை அப்படியே விட்டுவைத்தார்கள். மேல்மேடை நேர்முன்னால் சுட்டால் அந்த அதிர்வு கீழே இருப்பவர்களைத் தாக்கும் என்பதால், அப்படிச் சுடவே தடை இருந்தது.